வாசல் வரைக்கும்

உப்பளத்தில் லாரியிலிருந்து விழுந்த பிறகு சகாயராணிக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. அரசு கொடுத்த சக்கர நாற்காலி வாரம் ஒருமுறை அவளைத் தானாகவே மறுவாழ்வு மருத்துவமனை வாசலுக்குக் கொண்டுபோகும். அங்கே கம்பத்தில் பச்சை விளக்கு எரியும். மாற்றுத்திறனாளி ஒருவர் மருத்துவமனையை அடைந்துவிட்டார் என்று மாவட்டத்துக்கு அரசு மதிப்பெண் போடும் உரிமைக் குறியீட்டில் பதிவாகும். உடனே நாற்காலி வீட்டுக்குத் திரும்பிவிடும். அவள் உள்ளே போனாளா என்று குறியீடு கேட்பதில்லை.

அந்த வாரம் அவளுக்குக் காய்ச்சல் கொதித்தது. அவள் பின்புறத்திலிருந்து நாற்றம் வருவதாகக் கணவன் சொல்லியிருந்தான். விளக்கு எரிந்ததும் இடுப்புப் பட்டையைக் கழற்றிவிட்டுத் தரையில் சரிந்தாள். நாற்காலி அவளில்லாமலே திரும்பிப் போனது.

காவலாளி ஓடிவந்தார். "ஏம்மா, இப்படிக் கீழ கெடந்தா எப்படி? அதான் பச்சை விழுந்துட்டுல்லா?"

"டாக்டரப் பாக்காமப் போமாட்டேன்ணே."

சத்தம் கேட்டு வந்த நர்ஸ் பேச்சியம்மாள் அவளைப் புரட்டிச் சேலையை விலக்கினாள். உட்கார்ந்தே இருந்ததால் வந்த புண்ணுக்குள் எலும்பு தெரிந்தது. காவலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இவ்வளவு முத்துற வரைக்கும் ஏன்க்கா வரல?"

"வாராவாரம் வந்தேனே, தாயி."

பேச்சியம்மாள் காவலாளியிடம், "ஒரு கட்டில் கொண்டாங்கண்ணே" என்றாள்.

"கட்டில் எங்கம்மா இருக்கு? டாக்டரும் இல்ல. வாசல்லயே கணக்கு முடிஞ்சிருதுன்னு எல்லாத்தையுந்தான் எடுத்துட்டாங்களே."

பேச்சியம்மாள் வெயிலில் முழங்காலிட்டுப் பஞ்சால் புண்ணைத் துடைக்கத் தொடங்கினாள். சகாயராணிக்கு எதுவும் வலிக்கவில்லை. தன்மேல் குனிந்திருந்தவளின் நிழலைத் தரையில் பார்த்துத்தான், ஒருவர் தன்னைத் தொடுகிறார் என்று அறிந்து அழுதாள்.