திருநீறு பூசிய பூச்சிகள்

மகள் அருணாதேவி காலையிலிருந்து ஆர்க்கிட் செடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சு. இலையின் மேல், இலையின் அடி, காம்பும் இலையும் சேரும் இடுக்கு. ஓர் இடத்தையும் விடவில்லை.

பஞ்சில் ஒட்டிக்கொண்டு வந்தவை மாவுப்பூச்சிகள். உடம்பு முழுக்கத் திருநீறு பூசியதுபோல வெள்ளை வெளேரென்று, ஒன்றுக்கும் அவசரமில்லாமல்.

இவை பௌர்ணமிக்குக் கிரிவலம் வந்தவை என்று அவளிடம் சொன்னேன். மலையைச் சுற்றிக் களைத்துப்போய், வேங்கிக்காலில் நம் வீட்டு ஜன்னலில் தங்குகின்றன. தங்கினாலும் ஒழுங்கு தவறுவதில்லை. தொட்டியை வலமாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் மொட்டில் வாய் வைக்கின்றன. அதுவும் வெறுங்காலில்.

அவள் சிரிக்கவில்லை. மூன்று மொட்டு கருகி உதிர்ந்திருக்கிறதே, அப்படி என்னத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று கேட்டாள்.

வேப்பெண்ணெய் அடித்தேன் என்றேன். கசப்பு உடம்புக்கு நல்லது என்று குடித்துவிட்டன. சோப்புத் தண்ணீர் அடித்தேன். குளித்த சுகத்தில் தூங்கிவிட்டன. கடைசியில் ஒரு பல்லியைக் காவலுக்கு விட்டேன். அன்றைக்குப் பிரதோஷம், பல்லி விரதம்.

கட்டிலில் என் மனைவி தங்கம்மாள் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். மாத்திரை மயக்கம்.

அவள் தலைமாட்டுக்கு நேரே ஜன்னல். ஜன்னலில் தொட்டி, தொட்டிக்குப் பின்னால் மலை, மலைமேல் துண்டு மேகம். விழிக்கும்போதெல்லாம் மூன்றும் ஒரே அளவாகத் தெரிகிறதாம். சில நாள் மலைதான் தொட்டியில் முளைத்திருக்கிறதாம்.

டாக்டர் அவளுக்குப் போன தை மாதம் வரைக்கும்தான் என்றிருந்தார். இப்போது ஆவணி.

அருணாதேவி பெங்களூரிலிருந்து இந்தச் செடியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தாள். அன்றைக்கே தங்கம்மாள் அதைத் தடவிப் பார்த்து, இது பூக்கிறதைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறேன் என்று சொல்லிவிட்டாள்.

சொன்னால் செய்கிறவள். ஒரு சதுர்த்தியன்று கொழுக்கட்டையில் உப்பு ஜாஸ்தி என்றேன். இனி செய்யமாட்டேன் என்றாள். பதினெட்டு வருடமாக எங்கள் வீட்டுப் பிள்ளையார் சுண்டலோடு காலம் தள்ளுகிறார்.

மகள் அதை அம்மாவின் ஆசை என்று எடுத்துக்கொண்டாள். நான் எப்படி எடுத்துக்கொண்டேன் என்று யாரும் கேட்கவில்லை.

இது நான்காவது மொட்டு. சுண்டைக்காயைவிடப் பெரிதாகி, நுனியில் ஊதா கசிய ஆரம்பித்திருந்தது. இவ்வளவு தூரம் இதற்கு முன் எதுவும் வந்ததில்லை.

அருணாதேவி தொட்டியை வெளிச்சத்தில் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு பூச்சிகூட இல்லை.

"நாளைக்கு விரிஞ்சிடும்மா," என்று அம்மாவின் காதோரம் சொன்னாள். அவள் கண்ணில் நீர் கோத்திருந்தது. தொட்டியை ஜன்னலில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனாள்.

உள்ளே குழாய்ச் சத்தம்.

மேகம் மலையிலிருந்து மெல்ல இறங்கி, மொட்டுக்குப் பின்னால் வந்து நின்றது.

தங்கம்மாள் கண்ணைத் திறந்தாள். மொட்டையே பார்த்தாள், வாசலில் வந்து நிற்கும் வண்டியைப் பார்ப்பதுபோல.

பிறகு தலையணைக்கு அடியில் கைவிட்டு ஒரு காலித் தீப்பெட்டியை எடுத்தாள். இரண்டு நாளாக வீடு முழுக்க நான் தேடிக்கொண்டிருந்த தீப்பெட்டி. அதை என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டாள்.

"இந்த வாட்டி நாலஞ்சு பூச்சி பத்தாதுங்க," என்றாள். "பக்கத்து வூட்டு செம்பருத்தியில நெறைய கீது. அவ கை கழுவிட்டு வர்றதுக்குள்ள புடிச்சினு வந்துடுங்க."