தப்பான பாஸ்வேர்டு

"அண்ணே, மறுபடியும் ஐந்நூத்தி முப்பது. பாஸ்வேர்டைத் தப்பா அடிச்சிருக்கீங்க."

"அப்படியா?" என்றார் புரூஃப் ரீடர், மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு.

பக்கத்து நாற்காலியில் இருந்த டிசைனருக்குத் தலை கிறுகிறுத்தது. அந்தப் பதிப்பகத்தில் அவள் வடிவமைக்கும் பக்கங்களை அச்சகத்துக்கு அனுப்புவது அவர் பொறுப்பு. ஃபைலை அச்சகத்து சர்வரில் ஏற்ற வேண்டும், அவ்வளவுதான். நானூறு பக்கப் புத்தகத்தில் ஒரு கால்புள்ளி விட்டுப்போனாலும் கண்டுபிடிக்கிற மனிதர், எட்டே எழுத்து பாஸ்வேர்டில் தினமும் கோட்டை விடுகிறார். நம்புகிற மாதிரியா இருக்கிறது?

"கண்ணு ஏதும் சரியில்லையாண்ணே?"

"கண்ணுக்கென்ன, கல்லு மாதிரி இருக்கு."

காலையில்தான் முதலாளி அவளைக் கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். "இவரால தினம் அரை மணி நேரம் வீணாப் போகுது. சாயங்காலத்துக்குள்ள அந்த நம்பரெல்லாம் அவருக்குப் புரியணும். இல்லைன்னா நாளையிலிருந்து நீயே அனுப்பிடு."

"இங்க பாருங்கண்ணே. சர்வர் சொல்ற பதில்ல முதல் இலக்கத்தை மட்டும் பார்த்தா போதும். ரெண்டுன்னா வேலை முடிஞ்சுது. மூணுன்னா நம்மகிட்ட இன்னும் ஏதோ கேக்குது. நாலுன்னா இப்ப முடியாது, அப்புறம் வா. அஞ்சுன்னா தப்பு நம்ம மேல. புரியுதா?"

"நல்லாப் புரியுதும்மா" என்றவர், அடுத்த நிமிஷமே ஃபைல் பேருக்கு நடுவில் இடைவெளி விட்டு அனுப்பினார்.

ஐந்நூற்று ஐம்பத்து மூன்று. இந்தப் பேரை ஏற்க முடியாது.

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். அவரோ திரையைப் பார்த்து லேசாகச் சிரித்தார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மூன்றாவது முயற்சியில் ஒருவழியாக இருநூற்று இருபத்தாறு வந்தது. ஃபைல் போய்ச் சேர்ந்துவிட்டது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கோவிச்சுக்காதீங்கண்ணே. நாளையிலிருந்து நானே அனுப்பறேன்னு முதலாளிகிட்ட சொல்லிடறேன்."

அவர் முகம் செத்துப்போனது. "நாளைக்கு ஒரு நாள் மட்டும் என்கிட்ட விடும்மா. ஒரே தடவையில சரியா அடிச்சுக் காட்டறேன். உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன்."

இத்தனை வருஷப் பழக்கத்தில் அவர் யாரிடமும் கெஞ்சி அவள் பார்த்ததில்லை. பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் விடுவதாயில்லை. "இன்னிக்கு எத்தனை தப்பு பண்ணியிருக்கீங்கன்னு நீங்களே பாருங்க" என்று சர்வரின் பதில்களைத் திரையில் பெரிதாக்கினாள்.

எண்ணுக்குப் பக்கத்தில் வரும் வாசகத்தை, அச்சகத்தில் சர்வரைப் பார்த்துக்கொள்பவர்கள் தங்கள் இஷ்டத்துக்கு எழுதி வைக்கலாம். அதையெல்லாம் யார் படிக்கிறார்கள்? அவளும் இன்றுதான் முதன்முறையாகப் படித்தாள்.

"530. பாஸ்வேர்டு தப்பு. அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலையா?"

"553. ஃபைல் பேர் சரியில்லை. பையனுக்கு ரெண்டு பல் முளைச்சிருக்கு."

"226. வந்து சேர்ந்தாச்சு. மூணு வருஷமா என்கூடப் பேச மாட்டேன்னுட்டு, நான் எழுதறதைப் படிக்கறதுக்காகவே தினம் தப்புத் தப்பா அடிக்கறீங்களேப்பா. நாளைக்கு முதல் தடவையே சரியா அடிச்சீங்கன்னா, கோபம் தீர்ந்துடுச்சுன்னு எடுத்துக்கிட்டு உங்க பேரனோட வீட்டுக்கு வந்துடறேன்."