ஒரு வாசலுக்கு இரண்டு சட்டம்

"துப்பாக்கி என்னோடது. பைபிளைக் கொண்டாங்க, சத்தியம் பண்றேன்!" என்றார் ராய்ஸ். முழங்கைவரை பச்சை குத்தியிருந்த அவருடைய கை, மேசையை ஓங்கித் தட்டியது.

அந்த மேசையின்மேல்தான், சோளரொட்டித் தட்டுக்கும் காப்பிக் கோப்பைகளுக்கும் நடுவே, துப்பாக்கி கிடந்தது. ஒரு பக்கம் மத்திய அரசின் அதிகாரி அமர்ந்திருந்தார். மறுபக்கம் மாவட்டக் காவல் தலைவரான ஷெரிஃப் டெல்பர்ட். ராய்ஸின் மனைவி வெர்னா, அடுப்பில் பயற்றைக் கிளறிக்கொண்டிருந்தார்.

"யாரோடதுன்னு நான் கேக்கல ஐயா. இந்த வீட்ல அது இருக்கலாமாங்கறதுதான் கேள்வி" என்றார் அதிகாரி.

"தாராளமா இருக்கலாம் தம்பி" என்றார் ஷெரிஃப். "டெக்சாஸ் சட்டம் தெளிவா இருக்கு. எல்லாத் தண்டனையும் முடிஞ்சு அஞ்சு வருஷம் ஆயிட்டா, சொந்த வீட்டுக்குள்ள துப்பாக்கி வச்சுக்கலாம். இங்க இருபது வருஷம் ஆச்சு."

"அது உங்க மாநிலச் சட்டம். எங்க சட்டத்துல அஞ்சு வருஷம், அம்பது வருஷம்னு கணக்கெல்லாம் கிடையாது. ஒரு வருஷத்துக்கு மேல ஜெயில் போடக்கூடிய குத்தத்துல தண்டனை வாங்கினவங்க, ஆயுசுக்கும் துப்பாக்கியைத் தொடக் கூடாது."

"என்ன பெரிய குத்தம்? கொலையா, கொள்ளையா? ஒரே ஒரு கள்ளக் காசோலை!" என்றார் ஷெரிஃப்.

"சட்டம் எழுதறது நான் இல்லீங்க."

அதிகாரி ஒரு படிவத்தை விரித்தார். வேர்க்கடலைத் தோட்டங்களைக் காட்டுப்பன்றிகள் உழுது நாசமாக்கிக்கொண்டிருந்தன. அறுத்துக் கொடுக்கும் ஒவ்வொரு வாலுக்கும் மாவட்டம் பரிசு அறிவித்திருந்தது. பரிசில் பாதி மத்திய அரசினுடையது. ஆகவே, பரிசு கேட்டு எழுதும் படிவமும் அங்கே போய்ச் சேர்ந்தது.

'பன்றி எதனால் கொல்லப்பட்டது?' என்பது நான்காவது கேள்வி. ஊரில் பலர் அதை நிரப்பாமலே விட்டிருந்தனர். இந்தப் படிவத்திலோ, 'துப்பாக்கியால். வீட்டுப் பின்வாசலில் நின்று சுட்டது' என்று மணிமணியாக எழுதி, கையொப்பமும் இடப்பட்டிருந்தது.

"சுட்டது நான்தான்" என்றார் ராய்ஸ், அவசரமாக.

அதிகாரி கையொப்பத்தைப் பார்த்தார்.

"மறைக்காம எழுதுங்கன்னு நான்தான் சொன்னேன்" என்று முனகினார் ஷெரிஃப். "நல்லவங்களுக்கு நல்லது சொல்றதா நெனச்சேன்."

"விடுதலை ஆன தேதி?"

ராய்ஸ் வாயைத் திறந்தார்; பிறகு மனைவியைப் பார்த்தார்.

"ரெண்டாயிரத்து நாலு, மார்ச் ஒம்பது. செவ்வாக்கிழமை, காலையில பத்தேகால்" என்றார் வெர்னா, திரும்பாமலே.

"அடேயப்பா! எனக்கு என் கல்யாண நாளே ஞாபகம் இல்ல" என்று சிரிக்க முயன்றார் ஷெரிஃப். வேறு எவரும் சிரிக்கவில்லை.

"எத்தனை வருஷம் போடுவாங்க?" ராய்ஸின் குரல் இறங்கியிருந்தது.

"பதினஞ்சு வரைக்கும் போடலாம். நீதிபதி மனசு வச்சா குறையும்."

"அறுபத்திரண்டு வயசுக்கு மேல பதினஞ்சா? டெல்பர்ட், நீயும் ஷெரிஃப்னு நட்சத்திரம் குத்திக்கிட்டு அலையறியே, ஏதாவது பண்ணுடா!"

ஷெரிஃப் தொப்பியைக் கழற்றி முழங்கால்மேல் வைத்துக்கொண்டார். "என் சட்டத்துல குத்தமே இல்லையேடா, ராய்ஸ். குத்தம்னு இருந்தாலாவது, நானே புடிச்சு நானே விட்டிருப்பேன். இது அவங்க சட்டம். அதுல என் கை எட்டாது."

மேசைமேல் கிடந்த துப்பாக்கியைப் பைக்குள் இட்டு முத்திரை வைத்த அதிகாரி, எழுந்து நின்றார். இடுப்பிலிருந்து விலங்கை எடுத்தார். அவரும் மகிழ்ச்சியோடு அதைச் செய்ததாகத் தெரியவில்லை.

ராய்ஸ் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். இரண்டு மணிக்கட்டுகளையும் சேர்த்து நீட்டினார். "மாட்டுங்க. போகலாம்."

வெர்னா அடுப்பை அணைத்தார். கரண்டியைக் கழுவி அதனிடத்தில் மாட்டினார்; ஈரக் கைகளைத் துணியில் ஒற்றிக்கொண்டு, கணவருக்கு முன்னால் வந்து நின்றார்.

"நீ உக்காரு, ராய்ஸ். ஜெயில்ல இருந்தவ நான்."