கதையில் வந்த அம்மா

அவள் எழுதிய முதல் கதை வார இதழில் வந்திருந்தது. மூத்த மகளின் படிப்பை நிறுத்தி வீட்டு வேலையில் போட்டுவிட்டு, இளையவளை மட்டும் படிக்கவைத்த ஒரு தாய், வயதான பிறகு குற்ற உணர்ச்சியில் புழுங்கும் கதை.

அவளுடைய மூத்த மகள் போன் செய்தாள். "அம்மா, கதை படிச்சேன். தங்கச்சி பிறந்ததுக்கப்புறம் நீ என்னை மடியில உக்கார வெச்சுக்கவே இல்ல. அதெல்லாம் நான் எப்பவோ மறந்துட்டேன். நீ மனசுல வெச்சுக்காதே."

அவளுக்குச் சுருக்கென்றது. சற்று நேரத்தில் சின்னவளும் அழைத்தாள். "அக்காவோட பழைய துணியைப் போட்டே வளர்ந்தேன்னு எனக்கு ஒண்ணும் வருத்தமில்லம்மா."

ஸ்பீக்கரில் இருவர் பேசியதையும் கேட்டபடி துணி தேய்த்துக்கொண்டிருந்த கணவர் சிரித்தார். "ரெண்டு பேரையும் பட்டம் வாங்கற வரைக்கும் படிக்கவெச்சோம். இவங்க எதுக்கு உன்னை மன்னிக்கறாங்க? நீ யாரை நினைச்சுதான் எழுதினே?"

"எங்கம்மாவை. ஒன்பதாவதோட என்னை நிறுத்திட்டு, என் தங்கச்சியைத்தானே படிக்கவெச்சாங்க? அதுக்காக ஒரு நாளாவது வருத்தப்பட மாட்டாங்களான்னு ஏங்கி, கடைசியில நானே எழுதிப் பார்த்தேன்."

"அத்தை படிச்சாங்களா?"

"முதல் போனே அவங்கதான். 'படிச்சு அழுதுட்டேன்டி. பெத்த பொண்ணுக்கே ஓரவஞ்சனை பண்ற அம்மாகூட உலகத்துல இருப்பாளா?'ன்னு கேட்டாங்க."

கணவரின் கை அப்படியே நின்றது. அவள் போனை எடுத்து மூத்த மகளை அழைத்தாள்.

"மறந்துட்டேன்னு சொன்னியே, அதை முழுசாச் சொல்லு கண்ணு. நான் கேக்கறேன்."