நாலு கிளிக்

மகளின் சைக்கிளில் நுபியா கை வைத்ததை எடில்மா கண்ணாரப் பார்த்துவிட்டாள்.

படிக்கட்டு உச்சியில் போட்டிருந்த தன் கடையில் சோமாசி போலப் பொரிந்துகொண்டிருந்த எம்பனாடாக்களை அப்படியே போட்டுவிட்டு, ஜல்லிக்கரண்டியும் கையுமாக ஓடினாள்.

"ஏய், அங்க என்ன திருகுற?"

நுபியா நிமிர்ந்தாள். மனிசாலெஸ் ஊர்ப் படிக்கட்டில் ஒவ்வொருவராகச் சைக்கிளில் இறங்கும் பந்தயத்தில் ஐந்து வருடமாக அவளை ஜெயிக்க ஆளில்லை. இந்த வருடம் எடில்மாவின் மகள் யாதிரா ஜெயித்துவிடுவாள் என்று தெருவெல்லாம் பேச்சு.

"ஒண்ணுமில்லக்கா. யாதிராகிட்ட சொல்லாதீங்க. நிம்மதியா இறங்கட்டும்."

ஒன்றுமில்லையாம். முன்சக்கரத்தைத் தாங்குகிற ஃபோர்க்கின் தலையில் இருக்கும் குமிழைத்தான் அவள் திருகியிருந்தாள். மூன்று வேளைச் சாப்பாட்டிலும் மகள் பேசுவது அதைப் பற்றித்தான் என்பதால் எடில்மாவுக்கு விஷயம் அத்துப்படி. உள்ளே எண்ணெய் இருக்கிறது. குமிழை இறுக்கினால் எண்ணெய் போகிற வழி குறுகி, ஃபோர்க் அமுங்க முரண்டு பிடிக்கும். தளர்த்தினால் பொசுக்கென்று அமுங்கும். எந்தப் பக்கம் திருகினாலும் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு 'கிளிக்' சத்தம்; அதை எண்ணித்தான் அளவு வைப்பார்கள்.

நுபியா அதைக் கடைசிவரை இறுக்கி, கொஞ்சமே கொஞ்சம் தளர்த்தியிருந்தாள். இத்தனை விறைப்போடு முந்நூறு படி இறங்கினால் கைப்பிடி கையில் நிற்குமா?

அதற்குள் ஒலிபெருக்கி யாதிராவை அழைத்தது. ஹெல்மெட்டோடு வந்தவள் சைக்கிளை எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்துவிட்டாள்.

"யாதிரா, நில்லுடி..."

மேளச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? எடில்மா கண்ணை இறுக மூடிக்கொண்டாள். "மாதாவே, புள்ளை முழுசா போய்ச் சேரணும்."

தடதடவென்று சத்தம் படிகளில் இறங்கிப் போனது. பிறகு கீழேயிருந்து ஒரே ஆரவாரம். முழுசாகப் போய்ச் சேர்ந்தது மட்டுமில்லை, இதுவரை யாரும் தொடாத நேரம். கடைசியாக இறங்கிய நுபியா அரை நொடி பின்தங்கிப் போனாள்.

எம்பனாடா ஒரு ஈடு கருகியிருந்தது. அதற்கும் நுபியாதான் காரணம் என்று எடில்மா தீர்மானித்துவிட்டாள்.

முந்நூறு படியையும் மூச்சிரைக்க இறங்கினாள். கீழே மகளைத் தோளில் தூக்கி ஆடிக்கொண்டிருந்தார்கள். எடில்மா நேராகப் போய் ஜல்லிக்கரண்டியை நுபியாவின் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"எம்பொண்ணைக் கவுக்கப் பார்த்தியே, மாதா விட்டாளா? எல்லாரும் கேளுங்க, இவ யாதிராவோட ஃபோர்க்கைத் திருகி வச்சா."

மேளம் நின்றது. யாதிரா தோளிலிருந்து இறங்கினாள்.

"நான் நாலு கிளிக்ல வச்சிருந்தேனே," என்றாள் குழப்பமாக.

"வச்சே. முழுக்கத் தளர்த்திட்டு, அங்கேருந்து நாலு எண்ணினே," என்றாள் நுபியா. "அப்படியே இறங்கியிருந்தா முதல் திருப்பத்துலயே முன்பக்கம் அமுங்கி, தலைகுப்புறப் போயிருப்பே. முழுக்க இறுக்கிட்டு, அங்கேருந்து நாலு தளர்த்தணும். உனக்கும் எனக்கும் ஒரே ஃபோர்க், ஒரே எடை. நம்பர் சரிதான், எண்ணின பக்கம்தான் தப்பு."

ஜல்லிக்கரண்டி தாழ்ந்தது. எடில்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அதை அவகிட்டயே சொல்லியிருக்கலாமேம்மா?"

நுபியா தன் சைக்கிளைத் திருப்பி நிறுத்தினாள். ஃபோர்க்கில் ஒட்டியிருந்த டேப்பில் பெரிதாக '4' என்று எழுதியிருந்தது.

யாதிரா அவசரமாக உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்தாள். எடில்மா அந்தக் கையைப் பிடித்து விரித்தாள். பேனாவில் எழுதிய '4' பாதிதான் அழிந்திருந்தது.

"சொல்லியிருந்தா, நேத்து இவ என் வண்டியில எட்டிப் பார்த்து எழுதிக்கிட்டது எனக்குத் தெரியும்னு இவளுக்குப் புரிஞ்சிருக்கும்," என்றாள் நுபியா சிரித்தபடி. "அந்த வெட்கத்தோட முந்நூறு படியை இவ எப்படிக்கா இறங்குவா?"