மாயக்காள் கைராசி

"நீங்களே உங்க கையால எடுத்துக் குடுங்க," என்றார் வந்தவர், ஹெல்மெட்டைக் கழற்றாமலே.

திருநகரில் நர்சரி வைத்திருக்கும் மாயக்காளுக்குச் சிரிப்பு வந்தது. "யாரு எடுத்தா என்ன? அந்தா வரிசையா இருக்கு. புடிச்சதை எடுத்துக்கங்க."

"இல்லம்மா. உங்களுக்குக் கைராசின்னு வீட்டுல சொல்லிவிட்டாங்க. நான் வச்ச மூணு மல்லிகைச் செடியும் பட்டுப்போச்சு."

காலைவரை மாயக்காளும் தன் கைராசியை நம்பிப் பெருமையடித்தவள்தான். நர்சரிக்காரர்களுக்கான பயிற்சி வகுப்பில் அதைச் சொல்லப்போய், நாற்பது பேர் முன்னால் வாத்தியாரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

"கைராசியெல்லாம் சும்மாங்க. மண்ணு, தண்ணி, வெயிலு, அம்புட்டுத்தான். படிச்சவுகளே சொல்லிட்டாக. நீங்க தண்ணியை ஊத்தி ஊத்தி வேரை அழுக விட்டிருப்பீக."

"இருக்கலாம்." ஆனால் அவர் நகரவில்லை. "இருந்தாலும் உங்க கையால..."

பார்க்கப் பாவமாக இருந்தது. மொட்டு விட்ட செடி ஒன்றை எடுத்து நீட்டினாள். இரண்டு கையாலும் பவ்யமாக வாங்கி வண்டியில் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

"சார்!" என்று கூப்பிட்டாள் மாயக்காள். "நாளைக்கும் நீங்க கிளாஸ் ஆரம்பிக்கிறது பத்து மணிக்குத்தானே?"

ஹெல்மெட் மட்டும் மேலும் கீழும் ஆடியது.