ஒத்தக் குச்சி

"இருபது வருசமா பாடம் நடத்துறேன். நான் நடத்துறது வெளங்குதான்னு ஆராய்ச்சி பண்ணணுமாம்ல!"

டீன் அனுப்பிய சர்க்குலரை மேசையில் விட்டெறிந்தார் டாக்டர் பாலகுரு. நோயை ஆராய்ந்தால் மட்டும் போதாதாம், சொல்லிக்கொடுக்கும் முறையையும் ஆராய வேண்டுமாம். மருத்துவக் கல்லூரியில் ஒரு துறைக்கே தலைவர் அவர். பற்றிக்கொண்டு வராதா?

எதிரே உதவிப் பேராசிரியை பாண்டிமீனா ஃபைலோடு நின்றாள். அவர் கையெழுத்துப் போட்டால்தான் அவள் ஆராய்ச்சி நகரும். இன்றுதான் கடைசி நாள்.

"என்னம்மா இது, தீக்குச்சிக் கணக்கு?"

"தீக்காய வார்டுல சார். காயத்தை எப்படிப் பாத்துக்கணும்னு நாம சொல்றோம்ல, அது எம்புட்டு வெளங்குச்சுன்னு நோயாளிகளே மார்க் போடணும். எழுதத் தெரியாதவுகளுக்குக் கையில பத்துக் குச்சி, மருந்து முக்காதது. வெளங்குன அளவுக்கு டப்பாவுல போடுவாக."

"பட்டாசுக் கம்பெனியில வெந்துட்டு வர்றவங்க டாக்டருக்கு மார்க்கா? நல்லாருக்கு போ!"

சிரித்தபடி, முன்னோட்டமாக அவள் எடுத்திருந்த மார்க் தாளைப் புரட்டினார். எட்டு, ஒன்பது, எட்டு. பன்னிரண்டாம் பெட்டுக்கு நேரே மட்டும் ஒன்று.

"இந்தப் பெட்டுக்குச் சொல்லிக்குடுத்த அரைகுறை யாரு? பேரைச் சொல்லு, பரீட்சையில பாத்துக்கிடுறேன்."

பாண்டிமீனா தயங்கினாள். "நான்தான் சார்."

"அப்படிப் போடு! மொதல்ல ஒழுங்காச் சொல்லிக்குடுக்கப் படி. ஆராய்ச்சியெல்லாம் அப்புறம்."

கையெழுத்துப் போடாமலே ரவுண்ட்ஸ் கிளம்பினார். மனசுக்குள் குளுகுளுவென்று இருந்தது. ஃபைலோடு பின்னாலேயே வந்தாள் அவள்.

பன்னிரண்டாம் பெட்டில் எம். புதுப்பட்டி இருளம்மாள். பட்டாசுக் கம்பெனியில் பொறி பட்டு வலது கை வெந்திருந்தது.

"ஏம்மா, இந்த டாக்டரம்மா சொன்னது வெளங்கலையாமே?"

"சார், அடுத்த பெட்டுல..." என்று பாண்டிமீனா குறுக்கே வந்தாள்.

"இரும்மா."

இருளம்மாள் பதறிப்போனாள். "ஆத்தாடி, யாரு சொன்னா? வெரலை அசைக்காட்டி வெறச்சுப்போகும், பெறகு வேலைக்கே போக முடியாதுன்னு பக்கத்துல உக்காந்து மடக்கிக் காட்டுனது இந்தப் புள்ளதேன். அதுக்கு முன்னால நீங்க வந்து இங்கிலீசுல படபடன்னு சொல்லிட்டுப் போனீகள்ல, ஒண்ணும் வெளங்காம ஒரு வாரம் அசைக்காமலே வச்சிருந்தேன். ஒத்தக் குச்சி அதுக்குத்தேன் போட்டேன். அதுவும் பெரிய டாக்டரு, மனசு நோகக்கூடாதேன்னு!"

பாலகுருவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. பாண்டிமீனா தரையைப் பார்த்தபடி நின்றாள்.

அவள் கையிலிருந்த ஃபைலை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். பிறகு ஸ்டூலை இழுத்துப்போட்டு இருளம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அந்தக் குச்சியைத் திரும்ப எடுத்துக்கோங்கம்மா. மொதல்ல இருந்து சொல்றேன். வெளங்காட்டி, அந்த ஒண்ணைக்கூடப் போடாதீக."